மாதவிலக்கு மாத்திரை தந்த டாக்டர்

அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் 1890-ம் ஆண்டு ஜான் ராக் பிறந்தார். கத்தோலிக்கக் குடும்பம். ஹார்வர்டில் படித்து டாக்டர் ஆனார். புரூக்லைன் என்ற ஊரில் பெண்கள் இலவச மருத்துவமனையில் வேலை பார்த்தார். தினமும் மாதா கோவிலுக்குப் போவார்.

பிள்ளைக்கு ஏங்கியவர்கள்

குழந்தை இல்லாத பெண்கள் அவரைத் தேடி வந்தார்கள். இனப்பெருக்க உறுப்புகளுக்குச் சில மாதம் ஓய்வு கொடுத்தால் பிறகு கரு தங்கும் என்று ராக் எண்ணினார். 80 பேருக்கு ஹார்மோன் மருந்து கொடுத்தார். அதை நிறுத்தியபின் 13 பேர் கர்ப்பம் ஆனார்கள்.

ஆனால் ஒரு சங்கடம். மருந்து சாப்பிடும் வரை மாதவிலக்கு வரவில்லை. குளிக்காமல் இருக்கிறோமே, கர்ப்பம்தான் என்று பெண்கள் மகிழ்ந்தார்கள். உண்மை தெரிந்ததும் மனம் நொந்தார்கள்.

விஞ்ஞானி கிரிகரி பிங்கஸ் இதற்கு ஒரு வழி சொன்னார். 20 நாள் மருந்து கொடுத்து, சில நாள் நிறுத்த வேண்டும். அப்படிச் செய்ததும் மாதவிலக்கு ஒழுங்காக வந்தது. கருமுட்டை மட்டும் வெளிப்படவில்லை. ஆகவே, கர்ப்பம் உண்டாகாது!

சட்டம் தடுத்தது

கர்ப்பத்தடை மருந்து கொடுப்பது அந்த மாநிலத்தில் அப்போது குற்றம். ஆகவே 1956-ல் பியூர்டோ ரிக்கோ தீவில் பெரிய சோதனை நடந்தது. இது சோதனை என்று அங்குள்ள ஏழைப் பெண்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை. தலைசுற்றல், வாந்தி என்றவர்களின் பேச்சையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ராக்கின் புகழில் அது ஒரு கறை.

1957-ல் ‘எனோவிட்’ மாத்திரையை அமெரிக்க அரசு அனுமதித்தது. மாதவிலக்குக் கோளாறுக்குத் தரலாம். கர்ப்பத்தடைக்குத் தரக் கூடாது. உடனே மாதவிலக்குச் சரியில்லை என்று டாக்டரிடம் வந்த பெண்களின் கூட்டம் பெருகியது! 1960-ல் கர்ப்பத்தடைக்கும் அனுமதி கிடைத்தது.

உடைந்த மனம்

உடம்பில் தானே ஊறும் ஹார்மோனைப் போன்றதுதான் இது, மதத்துக்கு விரோதம் அல்ல என்று ராக் வாதாடினார். 1963-ல் புத்தகமும் எழுதினார். ஆனால் 1968-ல் போப் 6-ம் பால், நோய்க்குச் சாப்பிடலாம், கர்ப்பத்தடைக்குக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். ராக் மனம் உடைந்தார். பிற்காலத்தில் கோவிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். 1984-ல், 94-வது வயதில் காலமானார்.

மாதவிலக்குத் தவறும் பெண்களுக்கு டாக்டர்கள் இன்றும் இவ்வகை மாத்திரை தருகிறார்கள். மருந்தின் அளவு அன்றைவிட மிகக் குறைவு. ஆனாலும் கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. மாதவிலக்குத் தவறும் காரணத்தை டாக்டர் முதலில் கண்டறிய வேண்டும். புகை பிடிப்பவர்களுக்கும், ரத்தம் உறையும் நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து உண்டு. மாத்திரையால் ஏதாவது தொல்லை வந்தால் பெண்கள் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். டாக்டர் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.