ஆசிரியப் பெருந்தகை ஊ ரசாக்



ஒரு நாட்டின் விடுதலைக்காக உயிர்நீத்தோரை நினைக்கும்போது தலைவர்களும் படைவீரர்களுமே நம் கண்முன் தோன்றுவர். பள்ளி ஆசிரியர் ஒருவர் அவ்வரிசையில் இடம்பெறுதல் அரிது. அவர் தமிழ்த் தந்தைக்குப் பிறந்தவர் என்பதோ நம்மில் பலர் அறியாத செய்தி. இன்று மியன்மார் என வழங்கும் பர்மிய நாட்டின் தியாகிகளுள் ஒருவரான ஊ ரசாக் அவர்களின் வரலாற்றை இம்மலரில் எழுத நாம் விழைந்தமைக்கு இதுவே காரணம். ‘ஊ’ என்பது பெரியோர் பெயருக்கு முன் பர்மியர் சேர்த்து வழங்கும் மதிப்புச் சொல்லாகும்.

பிறப்பும் இளமையும்

அப்துல் ரசாக் 1898ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 20ஆம் நாள் மேல் பர்மாவிலுள்ள மெய்க்திலா நகரிற் பிறந்தார். தந்தையார் சேக் அப்துல் ரகுமான், தமிழ் முசுலிம். காவல்துறையில் ஆய்வாளராகப் பணியாற்றியவர். தாயார் நியெய்ன் லா, பர்மியப் பௌத்தர். உடன்பிறந்தோர் தாயின் சமயத்தைத் தழுவினர். ரசாக் தந்தையின் சமயத்தைக் கைவிடவில்லை. ஆயினும் பாளி மொழியையும் பௌத்த நூல்களையும் விரும்பிக் கற்றார். ஒரே இல்லத்தில் இரு சமயங்கள் சண்டையின்றி வாழ்வதைக் கண்டு வளர்ந்தவர் அவர். பிற்காலத்தில் அவர் கொண்ட கொள்கைக்கு அவ்வில்லமே முதற்பள்ளி எனலாம்.

மாண்டலே நகரிற் பள்ளிக் கல்வியை முடித்த அவர், மேற்படிப்புக்காக இரங்கூன் சென்றார். இன்று யாங்கோன் எனப்படும் அந்நகருக்கு அக்காலத்தில் தமிழகத்திலிருந்து வணிகரும் தொழிலாளரும் கப்பலேறிப் பெருந்தொகையாகச் சென்றனர். அங்கிருந்த கல்லூரி கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கிற்று. பர்மாவுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டுமென்பது மக்களின் நெடுநாள் விருப்பம்.

ஒரு சட்டமும் ஒரு மறியலும்

அவ்விருப்பம் 1920இல் நிறைவேறிற்று. ஆனால் மக்கள் எண்ணிய வண்ணம் அன்று. இரங்கூன் பல்கலைக்கழகச் சட்டம் 1920 திசம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மாணவர் விடுதியில் தங்கியே பயில வேண்டும் என்றது அச்சட்டம். ஆங்கிலத்திற் போதிய தேர்ச்சி இல்லாதோர் ஓராண்டு கூடுதலாகப் பயிலவும் நேர்ந்தது. பல்கலைக்கழகத்தை ஆளும் அவைகளில் அரசு சார்ந்தோரே மிகுந்திருந்தனர். உயர்ந்த தரம் வேண்டும் என்பதே அரசு கூறிய காரணம். தரம் வேண்டுமென்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் விடுதிக் கட்டணத்தையும் ஓராண்டுச் செலவையும் ஓர் உழவரின் வீடு எங்ஙனம் தாங்கும்? வாயிலைத் திறப்பதாகக் கூறிய சட்டம், வறியவர் மகனுக்கு அவ்வாயிலை அடைத்தது.

சுவேதகோன் பெருங்கோயிலின் தென்மேற்கு மூலையிற் கூடிய மாணவர்கள் சட்டத்தை எதிர்ப்பதென உறுதி பூண்டனர். 1920 திசம்பர் 5ஆம் நாள் வகுப்புகளைப் புறக்கணித்தனர். அவர்களுள் ரசாக்கும் ஒருவர். வயது அப்போது 22. புறக்கணிப்பு சில நாள்களில் நாடெங்குமுள்ள அரசுப் பள்ளிகளுக்கும் மிசன் பள்ளிகளுக்கும் பரவிற்று. அந்நாளே பர்மியரின் தேசிய நாளாயிற்று. பர்மிய நாட்காட்டிப்படி அது இன்றும் ஆண்டுதோறும் கொண்டாடப்படுகிறது. ஒரு கல்விச் சட்டத்தை எதிர்த்த மாணவரின் நாளைத் தேசிய நாளாகக் கொண்ட நாடுகள் உலகில் மிகச் சிலவே.

மறியலுக்குப் பின்

மாணவச் செல்வங்களே, மறியல் செய்தல் எளிது. மறுநாள் காலை எங்கே படிப்பது என்பதே பெரிய கேள்வி. வகுப்பை விட்டு வெளியேறிய சிறுவர்களை வீதியில் விட்டுவிடலாகாது என உணர்ந்த தலைவர்கள் தேசியப் பள்ளிகளை நிறுவினர். பர்மிய மொழிக்கும் நாட்டு வரலாற்றுக்கும் அங்கே உரிய இடம் வழங்கப்பெற்றது. பொதுமக்கள் தந்த நன்கொடையே முதல். ஆசிரியர் ஊதியமோ சொற்பம்.

அவ்வகையில் எழுந்த மாண்டலே தேசிய உயர்நிலைப் பள்ளிக்கு 1921இல் தலைமையாசிரியரானார் ரசாக். சட்டத்தை எதிர்த்து வெளியேறிய மாணவன், அச்சட்டத்தால் வெளியே நின்ற சிறுவர்க்கு ஆசான் ஆனான். ஆங்கில அரசில் உயர் பதவி தேடிச் செல்ல வாய்ப்பிருந்தும், வாழ்நாளின் பெரும்பகுதியை அவர் பள்ளிக்கே அளித்தார். மக்கள் அவரைப் பேராசான் எனப் பொருள்படும் ‘சயாஜி’ என்னும் பெயரால் அழைத்தனர்.

இவ்விடத்து உண்மையை மறைத்தல் தகாது. தேசியப் பள்ளிகள் யாவும் நிலைக்கவில்லை. பணமின்றிப் பல மூடப்பட்டன. சில, தாம் முன்னர் வேண்டாவென்ற அரசின் உதவியையே ஏற்று உயிர் பிழைத்தன. இரங்கூனில் தொடங்கிய தேசியக் கல்லூரியும் நீடிக்கவில்லை. மறியலாற் படிப்பை இழந்து மீளாதோரும் உண்டு. ஆயினும் நிலைத்து நின்ற பள்ளிகள் விதைத்தவை வீண்போகவில்லை. ஏனாங்யாவுங் தேசியப் பள்ளியிற் பயின்ற சிறுவன் ஒருவன் பின்னர் இரங்கூன் பல்கலைக்கழக மாணவர் தலைவனாகி, 1936இல் மற்றொரு மறியலை நடத்தினான். பல்கலைக்கழகச் சட்டம் திருத்தப்பட அம்மறியல் வழிவகுத்தது. அவரே பர்மிய விடுதலையின் தந்தை ஆங் சான்.

அமைச்சரும் தியாகியும்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ரசாக் பொதுவாழ்வில் முழுமையாக இறங்கினார். 1945இல் அமைந்த பர்மா முசுலிம் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். முசுலிம்கள் தனித்து நின்று சிறப்புரிமை கேட்பதினும், பர்மிய மக்களோடு ஒன்றி விடுதலைக்கு உழைத்தலே நன்று என்பது அவர் கருத்து. ஆங் சான் அமைத்த இடைக்கால அரசில் கல்வியும் தேசியத் திட்டமிடலும் அவர் பொறுப்பில் விடப்பட்டன. கல்விச் சட்டமொன்றை எதிர்த்து வெளியேறிய மாணவர், கால் நூற்றாண்டு கழிந்தபின் நாட்டின் கல்வித் துறைக்கே பொறுப்பாளரானார்.

அப்பணியைத் தொடரக் காலம் இடம் கொடுக்கவில்லை. 1947 சூலை 19ஆம் நாள் முற்பகல், இரங்கூன் தலைமைச் செயலகத்தில் அமைச்சரவை கூடியிருந்தது. ஆயுதந் தாங்கியோர் உட்புகுந்து சுட்டனர். ஆங் சான், அவர்தம் தமையனார் பா வின், ரசாக் உள்ளிட்ட தலைவர்கள் வீழ்ந்தனர். ரசாக்கின் மெய்க்காவலரான கோ ட்வே என்னும் இளைஞரும் உயிர் துறந்தார். இறந்தோர் மொத்தம் ஒன்பதின்மர். இக்கொலைக்குச் சூழ்ச்சி செய்த முன்னாள் முதலமைச்சர் ஊ சா 1948இல் தூக்கிலிடப்பட்டார். நாடு 1948 சனவரி 4ஆம் நாள் விடுதலை பெற்றது. ரசாக் அதைக் காணவில்லை. அப்போது அவருக்கு வயது 49. சுவேதகோன் கோயிலுக்கு அருகிலுள்ள தியாகிகள் நினைவிடத்தில் அவர் நினைவு போற்றப்படுகிறது. இளமையில் அவர்தம் தோழர் உறுதி பூண்ட அதே குன்றின் அருகே என்பது எண்ணத்தக்கது.

நாம் பெறும் பாடம்

ரசாக்கின் நம்பிக்கை பொய்த்ததோ என வினவுவோர் உண்டு. 1962இல் படையாட்சி வந்தபின் இலட்சக்கணக்கான இந்திய வழியினர் அந்நாட்டை விட்டு வெளியேறினர். 1965 தொடங்கித் தனியார் பள்ளிகள் அரசுடைமையாயின. தமிழ்ப் பிள்ளைகள் தாய்மொழியைக் கோயில் மண்டபங்களிலும் வார இறுதி வகுப்புகளிலும் கற்க வேண்டியதாயிற்று. ஒன்றி வாழ விழைந்த ஒருவரின் நாடு, அவர் தந்தையின் இனத்தவரை இவ்வாறு நடத்தியது நமக்கு வருத்தம் தருகிறது. ஆயினும் பிழை நம்பியவர்மேல் அன்று. நம்பிக்கையைக் காவாதவர்மேலேயே ஆகும்.

ஈழத்திலிருந்து ஏதிலிகளாய் வந்த நமக்கு இவ்வரலாறு அயலாருடையது போல் தோன்றாது. 1970களின் தொடக்கத்தில் இலங்கையிற் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தது. மருத்துவமும் பொறியியலும் பயிலத் தமிழ்வழி எழுதியோர் கூடுதற் புள்ளிகள் பெற வேண்டியிருந்தது. அன்று வாயிலுக்கு வெளியே நின்றோருள் சிலர் இன்று இப்பள்ளியின் பாட்டனார், பாட்டியார். கல்விச் சட்டத்தின் ஒரு வரி எத்தனை வீடுகளின் விளக்கை அணைக்கும் என்பதை அவர்களிடம் கேட்டறிதல் நன்று.

அரசு எழுதும் சட்டத்தை மாற்றும் வலிமை எல்லார்க்கும் எக்காலத்தும் வாய்ப்பதில்லை. ஆனால் வெளியே நிற்கும் பிள்ளையை அழைத்து அமர்த்திக் கற்பிக்கும் வலிமை எவர்க்கும் உண்டு. வாடகை அறையில், ஊதியம் பெறாத ஆசிரியரோடு, பெற்றோர் தரும் சிறு தொகையால் வார இறுதியில் நடக்கும் நம் பள்ளியும் மாண்டலேயில் ரசாக் நடத்திய பள்ளியின் தூரத்து உறவே. அங்கும் பணம் போதவில்லை. அங்கும் சிலர் இடையில் நின்றனர். நின்றோரைக் கொண்டு அவர் பள்ளியை அளக்கவில்லை, வந்தோர்க்குக் கற்பித்தார்.

ஆதலின், பெற்றோர்களே, மழையானாலும் பனியானாலும் பிள்ளைகளைத் தவறாது அழைத்து வாருங்கள். மாணவச் செல்வங்களே, நீங்கள் வாழும் நாட்டின் மொழியையும் வரலாற்றையும் ரசாக் பாளி கற்றது போல் விரும்பிக் கற்பீர். நும் தாய்மொழியையும் அவர் தந்தையின் சமயத்தைக் காத்தது போற் காப்பீர். இரண்டும் ஒரு நெஞ்சில் அமையும் என்பதற்கு அப்பெருந்தகையின் வாழ்வே சான்று.