வாழ்வின் பொருள் தேடிய டால்ஸ்டாய்

வறுமையும் நோயும் வாட்டும்போது வாழ்வு கசத்தல் இயல்பு. உருசிய நாட்டு லியோ டால்ஸ்டாய்க்கோ நிறைவின் நடுவிலே கசந்தது. 1828இல் பிரபு குடும்பத்திற் பிறந்தவர். 'போரும் அமைதியும்', 'அன்னா கரீனினா' என்னும் நாவல்களாற் பெரும்புகழ் எய்தியவர். ஐம்பது வயதை அணுகியபோது, இவையெல்லாம் எதற்காக என்ற வினா அவரை மறித்தது. தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொள்வோமோ என்றஞ்சித் துப்பாக்கியுடன் வேட்டைக்குச் செல்வதையும் விட்டார். அவ்வச்சமே வாழ்வின்மேல் அவருக்கு எஞ்சியிருந்த பற்று என்பது எமது கருத்து.

தம் நிலையைப் பின்னர் எழுதியபோது, கிணற்றினுள்ளே தொங்கியபடி தேன்துளியை நக்கும் மனிதனின் கதையை எடுத்தாண்டார். மகாபாரதத்திலே விதுரர் திருதராட்டிரனுக்குச் சொன்ன கதையை ஒத்தது அது, நம்மவர்க்குப் புதியதன்று! எலிகள் பற்றுக்கோட்டைக் கறிக்கையில் தேன் எங்ஙனம் இனிக்கும்?

விஞ்ஞானத்தையும் தத்துவத்தையும் துருவினார், விடை கிட்டவில்லை. எழுத்தறியா உழவரோ கடவுளை நம்பி, உழைத்து, துன்பத்தையும் சாவையும் அமைதியாக ஏற்கக் கண்டார். அவர்களைப் போல் வாழ முயன்றார், ஏரும் பிடித்தார்.

முழு அமைதி கிட்டியதென்று நாம் சொல்லோம். உடைமையைத் துறக்க விழைந்தவருக்கும் மனைவி சோபியாவுக்கும் பிணக்கு நீண்டது. 1910இல், 82ஆம் வயதில், விடியுமுன் வீட்டைவிட்டகன்றார். சில நாட்களில், அஸ்தாப்போவோ புகையிரத நிலைய அதிபரின் வீட்டிலே உயிர் நீத்தார்.