பதவியைத் துறந்து பணியைத் தேடியவர்: சுவாமி விபுலாநந்தர்

நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி கேட்ட மலர்க்குழுவினர், வைத்தியராயிற்றே, நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ எழுதுவோம் என்றுதான் எண்ணியிருப்பார்கள். அவற்றைக் கிளினிக்கில் நாள்தோறும் பேசுகிறோம். மலரிலும் வேண்டாம் என்று பட்டது. உலகமெங்கும் பரந்திருக்கும் நம் சகோதரிகளுக்கு, நம் வாவிக்கரைக்காரர் ஒருவரின் வாழ்க்கையை மீண்டும் ஒருமுறை நினைவூட்ட விரும்புகிறோம்.

சுவாமி விபுலாநந்தரை அறியாத மாணவி நம் கல்லூரியில் இருந்திருக்க மாட்டாள். பேச்சுப்போட்டி என்றால் அவர். கட்டுரைப்போட்டி என்றாலும் அவர். முத்தமிழ் வித்தகர் என்று தொடங்கி, பிறந்த திகதி, மறைந்த திகதி, எழுதிய நூல்கள் என்று ஒரே மூச்சில் ஒப்புவித்துவிட்டு மேடையிலிருந்து இறங்கியவர்கள்தாம் நாம். அந்த மனப்பாடத்தில் ஒரு விடயம் மட்டும் நம் கண்ணில் படாமலே போயிற்று. அவர் சம்பளம் வாங்கிய விஞ்ஞான ஆசிரியர். நல்ல பதவிகளை ஒருமுறை அல்ல, பலமுறை விட்டு வந்தவர். பதினாறு வயதில் அது பெரிதாகத் தோன்றாது. வேலைக்குப் போய், வீட்டுக்கடன் கட்டி, பிள்ளைகளின் படிப்புச் செலவையும் பார்த்த பிறகுதான் அதன் கனம் விளங்குகிறது.

அவர் 1892 மார்ச் 27 ஆம் திகதி காரைதீவில் பிறந்தார். தந்தையார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மை. பிள்ளைக்கு இட்ட பெயர் மயில்வாகனம். ஊரிலே தமிழும், கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் ஆங்கிலமும் கற்று, பின் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரிக்கு வந்தார். 1908 இல், பதினாறு வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். அக்காலத்தில் கிழக்கு மாகாணத்தில் அந்தப் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைக்கு வேலை தேடி அலைய வேண்டிய தேவையிருக்கவில்லை. படித்த கல்லூரியிலேயே ஆசிரியரானார்.

அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளைத் தேர்ந்த ஒரு மாணவரின் ஆண்டுகள் என்றே சொல்ல வேண்டும். 1911 இல் கொழும்பு அரசினர் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் சேர்ந்தார். பயிற்சி முடிந்து மீண்டும் மட்டக்களப்பில் கற்பித்தார். பிறகு கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்று 1916 இல் டிப்ளோமாப் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அப்பட்டத்தை முதலில் பெற்றவர் அவரே. கொழும்பில் இரசாயனம் கற்பித்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராக இருந்தார். அங்கிருந்தபடியே இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானமாணிப் பட்டத்தையும் முடித்தார். பகலில் ஆய்வுகூடம், இரவில் சங்க இலக்கியம் என்று இரண்டு வண்டியையும் ஒரே ஆள் இழுத்திருக்கிறார். இரண்டில் எதையும் அவர் பொழுதுபோக்காகக் கொள்ளவில்லை என்பதற்கு அந்தப் பரீட்சைப் பெறுபேறுகளே சாட்சி.

1920 இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். வயது இருபத்தெட்டு. நம் பகுதியில் ஓர் ஆசிரியருக்கு எட்டக்கூடிய உயரம் என்று எல்லோரும் எண்ணிய நாற்காலி அது. கைநிறையச் சம்பளம், ஊரில் மதிப்பு, வீட்டில் கல்யாணப் பேச்சு எல்லாம் அந்த வயதில்தான் ஒன்றாக வந்து சேரும்.

1922 இல் அதை விட்டார். சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் பிரமச்சாரியாகச் சேர்ந்தார். 1917 அளவில் சென்னையிலிருந்து இலங்கைக்கு வந்த சுவாமி சர்வானந்தரைச் சந்தித்ததில் அந்த விதை விழுந்தது. விழுந்த விதை முளைக்க ஐந்தாண்டுகள் எடுத்தன. பட்டம் முடிக்கவும், அதிபராகி ஒரு கல்லூரியை நடத்திப் பார்க்கவும் அந்த ஐந்தாண்டுகள் உதவின. அவர் துறவு திடீர்த் துறவு என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

மடத்தில் பிரபோத சைதன்யர் என்ற பெயர் கிடைத்தது. 1924 இல் சுவாமி சிவானந்தர் சந்நியாசம் அளித்து விபுலாநந்தர் ஆக்கினார். ஆசிரியர் வேலையை விட்டுச் சென்ற மனிதரை மடம் என்ன செய்தது? தமிழில் ‘இராமகிருஷ்ண விஜயம்’, ஆங்கிலத்தில் ‘வேதாந்த கேசரி’ ஆகிய சஞ்சிகைகளின் ஆசிரியராக்கியது. 1925 இல் இலங்கைக்கு அனுப்பி, மிஷன் பாடசாலைகளைப் பார்க்கும் பொறுப்பையும் கொடுத்தது. விட்டுப்போன பள்ளிக்கூடமே வேறு வாசலால் திரும்பி வந்தது! ஒரு கல்லூரியின் அதிபராக இருந்தவருக்கு இப்போது பல ஊர்ப் பாடசாலைகளின் கூரையும் கணக்கும் ஆசிரியர் சம்பளமும் தலையில் விழுந்தன. 1929 இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் தம் குருவின் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். ஏறாவூரிலிருந்து பட்டணம் போய்க் கல்லடிப் பாலத்தைக் கடப்பவர்கள் இன்றும் அதைக் காணலாம்.

அவர் இரண்டாவதாக விட்ட பெரிய பதவியைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929 இல் தோன்றியது. அதன் தமிழ்ப் பேராசிரியராக 1931 இல் இவர் அழைக்கப்பட்டார். மாலை வேளைகளில் அருகிலிருந்த திருவேட்களத்துச் சேரிக்குப் போய் அங்குள்ள பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1933 இல் அந்தப் பேராசிரியர் பதவியையும் விட்டார். இம்முறை அவரை இழுத்தது யாழ்.

யாழ் என்ற கருவி தமிழ்நாட்டில் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. மீட்டிக் காட்ட ஆளில்லை. பார்த்துச் செய்ய ஒரு பழைய யாழும் மிஞ்சவில்லை. எஞ்சியவை பத்துப்பாட்டில் வரும் வருணனைகள், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, அதற்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரை. அந்த உரையோ குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு இசைக்கும் அலகுக் கணக்குச் சொல்லி, பாலைகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் முறையையும் சொல்லிக்கொண்டு போகும். தமிழ் மட்டும் படித்தவர் கணக்கில் இடறுவார். கணக்கு மட்டும் படித்தவருக்குத் தமிழ் பிடிபடாது. இசைவாணருக்கு இரண்டும் சிரமம்.

க.பொ.த. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த சகோதரிகள் சுரமானிப் பெட்டியை மறந்திருக்க மாட்டார்கள். இழுத்துக் கட்டிய கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் ஒரு தானம் மேலே கேட்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால், குரலுக்கு இளி கேட்கும். இந்த இளிமுறையாகவே பன்னிரண்டு தடவை ஏறிப்போனால் தொடங்கிய சுரத்துக்கு ஏழு தானம் மேலே வந்து நிற்க வேண்டும். ஆனால் நிற்காது, சிறிதளவு தாண்டிவிடும். உலகத்து இசை நூலோரெல்லாம் அந்தச் சிறு மிச்சத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்த அதே மூளை, இருபத்திரண்டு அலகுகளையும் நரம்பின் நீளங்களையும் பின்னங்களாக எழுதி, சிலப்பதிகார உரையை அந்த எண்களோடு ஒத்துப் பார்த்தது. வில்யாழ், பேரியாழ், சீறியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்று பெயரளவில் இருந்தவற்றுக்கு உருவமும் நரம்புக் கணக்கும் கிடைத்தன.

நம் மதிப்பீட்டில் அவர் வாழ்க்கையின் மையம் இங்கேதான் இருக்கிறது. அவர் விட்டது சம்பளத்தையும் நாற்காலியையும். கற்ற தொழிலை அவர் எங்கும் விட்டு வரவில்லை. விஞ்ஞான ஆசிரியராக அவர் செலவழித்த ஆண்டுகள் இல்லாவிட்டால் ‘யாழ் நூல்’ இல்லை. 1936 இல் சென்னையில் தமிழ்க் கலைச்சொல் ஆக்குவதற்குக் கூடிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கவும் அதே பயிற்சிதான் அவரைத் தகுதியாக்கியது. அம்முயற்சியின் பயனாகக் கலைச்சொற்கள் 1938 இல் நூலாக வெளிவந்தன. இரசாயனத்தையும் உயிரியலையும் தமிழிலேயே படித்து, அதன் பிறகு மருத்துவபீடத்துக்குப் போன நம்மைப் போன்றவர்கள், தமிழில் விஞ்ஞானம் முடியுமா என்ற கேள்வியோடு அன்று போராடியவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

இடையில் 1939 முதல் ஓரிரு ஆண்டுகள் இமயமலைச் சாரலில் மாயாவதி ஆச்சிரமத்திலிருந்து ‘பிரபுத்த பாரதம்’ என்ற ஆங்கில சஞ்சிகையை நடத்தினார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகக் கொழும்பு வந்தார். பதவி என்றாலே கூடாது என்ற கொள்கை அவருக்கு இருக்கவில்லை என்பதை இதில் கவனிக்கலாம். தேவையென்று பட்டபோது ஏற்றார்.

இனி நம் மனத்திலுள்ள ஒரு சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். இப்படியான வாழ்க்கை வரலாறுகளை இளம்பிள்ளைகளுக்குச் சொல்லி, பிடிக்காத வேலையை விட்டுவிடுங்கள் என்று புத்தி சொல்வது இன்று வழக்கமாகிவிட்டது. சுவாமிக்கு மனைவி மக்கள் இல்லை. உண்ணவும் உறங்கவும் மடம் இருந்தது. நோயுற்றால் பார்க்கச் சகோதரத் துறவிகள் இருந்தார்கள். நம் சகோதரிகளின் கதை வேறு. ஆசிரியத் தொழிலைக் கல்யாணத்தோடு கைவிட்டவர்கள் உண்டு; போர்க்காலத்தில் ஊரோடு சேர்த்து உத்தியோகத்தையும் இழந்தவர்கள் உண்டு; கனடாவிலோ இலண்டனிலோ போய்ப் பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கடையில் நின்றவர்கள் உண்டு. அவர்கள் விட்டதெல்லாம் விரும்பி விட்டதல்ல. அதையும் துறவு என்று பாராட்டி மாலை போட நமக்கு மனம் வரவில்லை. ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் ஒருத்தியின் தோளில் இருக்கும்போது, அவள் வேலையை விடாமலிருப்பதைக் கோழைத்தனம் என்று எவரும் சொல்ல முடியாது.

ஆனால் அவர் வாழ்க்கையில் எவருக்கும் உதவக்கூடிய பகுதி ஒன்று இருக்கிறது. அது 1922 அன்று. அதற்கு முந்திய ஆண்டுகள். சம்பளம் வாங்கிக்கொண்டே பண்டிதர் பரீட்சைக்குப் படித்த இரவுகள். நமக்கும் அப்படியொரு ஆசை உண்டு. ஏறாவூர்ப் பக்கத்து மூதாட்டிமார் கிளினிக் வரிசையில் இருக்கும்போது தாலாட்டும் கவியும் சொல்லிக் கேட்டிருக்கிறோம். தேன் போலிருக்கும். அவர்கள் போனால் அவையும் போய்விடும். அரசாங்க வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போய் அவற்றைச் சேகரிக்க வேண்டும் என்று பல வருடங்களாக நினைக்கிறோம். விடவில்லை. போயா விடுமுறை நாட்களில் ஒலிப்பதிவு செய்வதோடு இப்போதைக்கு நிற்கிறது. இரண்டு கொப்பிகள் நிரம்பியிருக்கின்றன. விடுவோமா என்று கேட்டால், கடைக்குட்டி பல்கலைக்கழகம் போகும்வரை பதில் இல்லை.

வைத்தியர் என்ற முறையில் இன்னொன்றையும் கவனிக்காமலிருக்க முடியவில்லை. பாடசாலைகளின் நிர்வாகம், ஓயாத பிரயாணம், பல்கலைக்கழக வேலை, இவற்றுக்கு நடுவே யாழ் ஆராய்ச்சி என்று அவர் உடம்புக்கு ஓய்வே கொடுக்கவில்லை. கடைசி ஆண்டுகளில் நோய் அவரை வாட்டியது. அந்த உடம்போடுதான் நூலை முடித்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் ‘யாழ் நூல்’ வெளிவந்தது. 1947 ஜூன் 5, 6 ஆம் திகதிகளில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றம் நடந்தது. ஏட்டில் மட்டும் இருந்த யாழ், அவர் கணக்கிட்ட அளவில் செய்யப்பட்டு, அறிஞர் அவையில் வாசிக்கப்பட்டது. 1933 இல் பேராசிரியர் பதவியை விட்டதிலிருந்து பதினான்கு ஆண்டுகள்.

கொழும்புக்குத் திரும்பியவர் 1947 ஜூலை 19 ஆம் திகதி காலமானார். அரங்கேற்றம் தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் நாற்பத்துநான்காம் நாள். வயது ஐம்பத்தைந்து. உடலை மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து, கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலய வளவிலேயே அடக்கம் செய்தார்கள். நிலாக்கால இரவுகளில் மீன் பாடுவதாகச் சொல்லும் வாவி அங்கிருந்து அதிக தூரத்தில் இல்லை. அந்த ஓசையைப் பற்றியும் அவர் பாடி வைத்திருக்கிறார். சமாதியில் அவர் எழுதிய பாடல் ஒன்றைப் பொறித்திருக்கிறார்கள். பாடசாலைப் பிள்ளைகள் அதை இன்றும் பாடுகிறார்கள்.