தீத்தந்தி கண்ட வில்லியம் சானிங்

கற்றோர் பலர், கற்றதனைப் பிறர் துயர் துடைக்கப் பயன்படுத்தியோர் சிலர். அச்சிலருள் ஒருவராகிய வில்லியம் பிரான்சிஸ் சானிங் என்பாரின் வரலாற்றை இம்மலர் வாயிலாகச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

சானிங் 1820ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 22ஆம் நாள் அமெரிக்காவிலுள்ள பொஸ்டன் நகரிற் பிறந்தார். பெயர்பெற்ற சமயப் போதகரான வில்லியம் எல்லரி சானிங் அவர்தம் தந்தையார். 1842இல், அடிமைத்தளையினின்று தப்பிவந்த ஜோர்ஜ் லற்றிமர் அந்நகரிற் சிறைப்பட்டபோது, அவர்பொருட்டுப் பத்திரிகை நடாத்தியோருள் இளைஞர் சானிங்கும் ஒருவர். 1844இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றாராயினும் அத்தொழிலை மேற்கொண்டாரல்லர். அவருள்ளம் மின்சாரத்தின்பாற் சென்றது.

அக்காலத்தில் தீப்பற்றினால் தேவாலய மணிகளை அடிப்பர். மணியோசை தீயுண்டென உணர்த்துமேயன்றி, எத்தெருவிலென உணர்த்தாது. உடலில் முள் தைத்த இடத்தை நரம்பு மூளைக்கு அறிவிக்க, மூளை கைகால்களை ஏவுகின்றது. நகருக்கும் அத்தகைய நரம்புத்தொகுதி வேண்டுமென்பது வைத்தியங் கற்ற சானிங்கின் கருத்து. 1845இல் அதனைப் பத்திரிகையில் வெளியிட்டார். மோசஸ் பார்மர் என்னும் மின்னியல் வல்லார் துணைநின்றார். 1851இல் நகரசபை 10,000 டொலர் ஒதுக்கியது. 1852 ஏப்ரல் 28இல் தீத்தந்தி தொழிற்படத் தொடங்கியது. மறுநாளிரவே முதற் செய்தி வந்தது.

அதன் அமைப்பு எளியது. தெருவோரப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. கைப்பிடியைச் சுற்றினால் உள்ளிருக்கும் பற்சில்லு சுழன்று, அவ்வெண்ணுக்கேற்பக் கம்பியின் மின்னோட்டத்தை விட்டுவிட்டுச் செலுத்தும். நடுநிலையத்தார் எண்ணை அறிந்து, அப்பகுதிக்குரிய மணியடியை நகரெங்கும் ஒலிப்பிப்பர். பதற்றத்தால் விரைந்து சுற்றினால் எண் குழம்பும். பின்னாளில் வில்விசை பொருத்தி இக்குறையை நீக்கினர்.

1855இல் ஸ்மித்சோனியன் நிலையத்தில் சானிங் ஆற்றிய விரிவுரையைக் கேட்ட தபாலதிபர் ஜோன் கேம்வெல் உரிமையை வாங்கி, இம்முறையைப் பல நகரங்களிற் பரப்பினார்.

எனினும் கருவி மட்டும் காவலாகாது. பொய்ச்செய்திக்கு அஞ்சிப் பொஸ்டனிற் பெட்டிகளைப் பூட்டிவைத்தனர். 1872 நவம்பர் 9இல் தீ மூண்டபோது 52ஆம் பெட்டியின் செய்தி காலந்தாழ்த்தே வந்தது. குதிரைகளும் நோயுற்றிருந்தமையாற் படை விரைந்து செல்ல இயலவில்லை. 776 கட்டடங்கள் அழிந்தன.

பார்மர் 1893இலும், சானிங் 1901 மார்ச் 19இலும் மறைந்தனர். அவர்தம் நெறி மறைந்திலது. இன்று இல்லங்களிலுள்ள எச்சரிக்கைக் கருவிகளும் கண்காணிப்பு நிலையத்துக்கு எண்களையே அனுப்புகின்றன: எவ்வில்லம், என்ன நிகழ்ச்சி, எப்பகுதி என்பன. ‘கொன்ராக்ற் ஐடி’ முறையில் 110 தீயையும் 130 களவையும் குறிக்கும். கிடைத்ததென நிலையம் மறுமொழி தருங்காறும் கருவி மீண்டும் அனுப்பும்.

இடருண்டெனக் கூவுதல் எவர்க்கும் எளிது. எவ்விடத்தென்பதை உரியவர்க்குத் தெளிவாக உரைத்தலே உயிர் காக்கும். இதனை எம் மாணவர் உளங்கொள்வாராக.