காட்டைப் படிக்கக் கற்றுக் கொடுத்தவர்

ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று ஜிம் கார்பெட்டை உலகம் புகழ்கிறது. ஆனால் அவருடைய பெருமை துப்பாக்கியில் மட்டும் இல்லை. கண்ணிலும் காதிலும் இருந்தது. காட்டை ஒரு புத்தகம் போலப் படித்தவர் அவர். படித்ததைப் பிறருக்கும் சொல்லிக் கொடுத்தார்.

போஸ்ட் மாஸ்டர் மகன்

இமயமலைச் சாரலில் நைனிடால் என்ற ஊர் இருக்கிறது. இன்றைய உத்தரகாண்ட் மாநிலத்தைச் சேர்ந்தது. அங்கே 1875-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி கார்பெட் பிறந்தார். தந்தை அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். பிள்ளைகள் நிறைந்த வீடு. 1881-ல் தந்தை இறந்து போனார். தாயார்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

குளிர் காலம் வந்தால் குடும்பம் மலையிலிருந்து இறங்கி, காலாதுங்கி என்ற ஊருக்குப் போகும். வீட்டைச் சுற்றிலும் காடு. அதுவே சிறுவனுக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று. முதலில் கவண், பிறகு வில், பிறகு ஒரு பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி. அதிலும் ஒரு குழல் பிளந்து கிடந்தது!

குன்வர் சிங் என்ற கிராமத்துப் பெரியவர் அவருக்குக் காட்டு வித்தைகளைக் கற்பித்தார். அவர் திருட்டு வேட்டையில் கெட்டிக்காரர். ஆனாலும் கார்பெட்டுக்கு நல்ல குரு.

மண்ணே ஏடு

காட்டை எப்படிப் படிப்பது?

மந்தி கத்துகிறது. புள்ளிமான் குரல் கொடுக்கிறது. மயில் அலறுகிறது. புலியோ சிறுத்தையோ நடமாடுகிறது என்று அதற்குப் பொருள். குரல் எந்தப் பக்கம் நகர்கிறதோ, அந்தப் பக்கம் அது போகிறது.

மண்ணில் காலடித் தடம் தெரிகிறது. தடத்தின் மேல் இரவுப் பூச்சி ஊர்ந்த கோடு இருந்தால், பூச்சி வருவதற்கு முன்பே விலங்கு போய்விட்டது. மிதிபட்ட புல் இன்னும் நிமிரவில்லை என்றால், விலங்கு அருகில்தான் இருக்கிறது.

இவற்றை எல்லாம் கார்பெட் சிறு வயதிலேயே கற்றார். விலங்குகளைப் போலக் குரல் கொடுக்கவும் பழகினார்.

வளர்ந்ததும் ரெயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். பீகாரில் கங்கைக் கரையில் உள்ள மொகாமே காட் என்ற இடத்தில், சரக்கு மாற்றும் காண்டிராக்டராக 20 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். விடுமுறை கிடைத்தால் மலைக்கு ஓடி வந்துவிடுவார்.

பரிசு வேண்டாம்

1907-ல் சம்பாவத் வட்டாரத்தையே ஒரு பெண் புலி நடுங்க வைத்தது. நேபாளத்திலும் குமாவுனிலும் 400-க்கு மேற்பட்டவர்களை அது கொன்றிருந்தது. மக்கள் கதவைத் திறக்கவே பயந்தார்கள்.

அதைச் சுட கார்பெட் ஒப்புக்கொண்டார். இரண்டு நிபந்தனைகள் விதித்தார். அறிவித்த பரிசுத் தொகையை ரத்து செய்ய வேண்டும். மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைக்க வேண்டும். பணத்துக்காகச் சுட்டதாகப் பெயர் வருவதை அவர் விரும்பவில்லை.

புலியைச் சுட்டபின் அதன் வாயைப் பார்த்தார். வலப்பக்கத்துக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. முன்பு யாரோ சுட்ட குண்டு செய்த வேலை அது! இரை பிடிக்க முடியாத புலி மனிதனைத் தேடி வந்தது. புலியை ஆட்கொல்லி ஆக்கியவனே மனிதன்தான்.

ருத்ரபிரயாகை சிறுத்தை 8 ஆண்டுகளில் 125 பேரைக் கொன்றது. கேதார், பத்ரி யாத்திரை செல்வோர் இரவில் நடக்க அஞ்சினர். 1926-ல் அதையும் கார்பெட் சுட்டார்.

காமிரா பிடித்த கை

நாளடைவில் அவர் மனம் மாறியது. ஆளைக் கொல்லாத புலியைச் சுடுவதில் அவருக்கு இன்பம் இல்லை. சினிமா காமிராவை எடுத்தார். காட்டில் உலவும் புலிகளைப் படம் பிடித்தார். பள்ளிப் பிள்ளைகளிடம் காட்டைப் பற்றிப் பேசினார். காடும் விலங்கும் அழியக் கூடாது என்று எடுத்துச் சொன்னார்.

1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அந்த மலைப் பகுதியில் அமைந்தது. அதற்காகப் பாடுபட்டவர்களில் கார்பெட்டும் ஒருவர்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பர்மாக் காடுகளில் போரிடப் போகும் இளம் சிப்பாய்களுக்குக் காடு தெரியாது. 1944-ல் கார்பெட் அவர்களுக்கு ஆசிரியர் ஆனார். வயது 70-ஐ நெருங்கிவிட்டது. ஆனாலும் காட்டில் உயிர் பிழைக்கும் வழிகளை அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். சிறுவனாக அவர் கற்ற பாடம், பிள்ளைகளின் உயிரைக் காக்கும் பாடம் ஆயிற்று. அதே ஆண்டில் அவருடைய குமாவுன் ஆட்கொல்லிகள் நூலும் வெளிவந்து புகழ் பெற்றது.

இரு ஆசான்கள்

கார்பெட் மணம் செய்துகொள்ளவில்லை. 1947-ல் தமக்கை மேகியுடன் ஆப்பிரிக்காவில் உள்ள கென்யாவுக்குச் சென்றார். அங்கு நியேரி என்ற ஊரில் அவர்கள் குடியிருந்த சிறு வீடு, முன்பு பேடன் பவல் வாழ்ந்த வீடு. உலகச் சிறுவர்களுக்குச் சாரணர் இயக்கத்தைத் தந்தவர் அவர்.

1955 ஏப்ரல் 19-ந் தேதி கார்பெட் காலமானார். பேடன் பவல் அடக்கமான அதே கல்லறைத் தோட்டத்தில் அவரும் அடக்கமானார்.

பிறகு அந்தத் தேசியப் பூங்காவுக்குக் கார்பெட் பெயர் சூட்டப்பட்டது. புலிகளைக் காக்கும் திட்டம் 1973-ல் அங்கேதான் தொடங்கியது. புலி வேட்டையில் புகழ் பெற்றவரின் பெயரால், இன்று புலிகள் அங்கே அச்சமின்றி உலவுகின்றன.