சேர் பொன்னம்பலம் அருணாசலமும் பல்கலைக்கழகக் கனவும்

1853-இல் கொழும்பிற் பிறந்த சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள், புலமைப் பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்று பயின்றவர். பகிரங்கப் போட்டிப் பரீட்சையிற் சித்தியெய்தி இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர். அவர்தம் உத்தியோகச் சிறப்பு யாவரும் அறிந்ததே; யாம் ஈண்டுக் கூற விழைவது வேறு.

கடல் கடந்து கற்கும் பேறு மிகச் சிலர்க்கே வாய்த்த அக்காலத்தில், 1906-இல், தம் அம்மான் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி முதலியோருடன் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தை நிறுவினார். ஈழத்துக்கு ஒரு பல்கலைக்கழகமும், கல்வியில் தாய்மொழிக்கு உரிய இடமும் வேண்டுமென வாதாடினார். 1921-இல் கிட்டியதோ, இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகட்கு மாணவரை ஆயத்தஞ் செய்யும் பல்கலைக்கழகக் கல்லூரியே. பயில்வது கொழும்பில், பட்டம் அளிப்பது இலண்டன். கேட்டதிற் பாதியே இது என்பது எம் கருத்து.

1924 சனவரியில், தலயாத்திரை சென்றிருந்த மதுரையில் அவர் சிவபதமடைந்தார். இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானது 1942-இலேயே.