தந்தியாளர் எடிசன்

தாமசு ஆல்வா எடிசன் 1847ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தார். சிறுவயதில் புகைவண்டியில் செய்தித்தாள் விற்றார். 1862ஆம் ஆண்டு, உருண்டு வந்த சரக்குப் பெட்டியின் முன்னின்று நிலையத் தலைவர் ஒருவரின் குழந்தையைப் பாய்ந்தெடுத்துக் காத்தார். நன்றி மறவாத அத்தந்தை அவருக்குத் தந்தித் தொழிலைக் கற்பித்தார். அதனால் கனடாவின் ஸ்டிராட்போர்டு சந்திப்பில் இரவுத் தந்தியாளர் ஆனார்.

அக்காலத்தில் ஒற்றை இருப்புப்பாதையில் வண்டிகள் மோதாமற் காத்தது தந்தியே. ஒருமுறை சரக்கு வண்டியொன்றை நிறுத்துமாறு ஆணை வந்தது. எடிசன் தடுக்குமுன் அது கடந்துவிட்டது. எதிரே மற்றொரு வண்டி! ஓட்டுநர்கள் தொலைவிலேயே கண்டு நிறுத்தியதால் பல உயிர்கள் பிழைத்தன. நொடிப்பொழுதில் ஓருயிரைக் காத்தவர், நொடிப்பொழுதின் அருமையை மீண்டும் உணர்ந்தார். அப்பணியை விட்டு நீங்கினாரேனும் தந்தியை விட்டாரல்லர். இடைவிடாது முயன்று, 1874ஆம் ஆண்டு ஒரே கம்பியில் ஒரே வேளையில் நான்கு செய்திகள் செல்லும் முறையைக் கண்டார்.